பதினொருவர் அணியில் பத்துப் பேர்

நியூ ஜேர்சியின் பிரிட்ஜ்வாட்டரை எம்மவர்கள் பெரும்பாலும் அங்குள்ள வெங்கடேஸ்வரர் கோயிலைக் கொண்டே அறிவார்கள். திருவிழா நாட்களில் நியூ யோர்க், பென்சில்வேனியா என்று பல திசைகளிலிருந்தும் கார்கள் அங்கு வந்து சேரும். அந்த ஊரை ஒட்டிக் கிடக்கும் சோமர்வில் என்ற சிறு நகரைப் பலர் தாண்டிப் போகிறார்கள். நின்று பார்ப்பவர்கள் குறைவு. தெற்கெல்லையில் ராரிட்டன் ஆறு ஓடுகிறது. ஆற்றோடு கீழே பத்து மைல் அளவு போனால் நியூ பிரன்ஸ்விக். ரட்கேர்ஸ் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். இந்தப் பத்து மைலுக்குள் தொடங்கிய ஒரு கதை, ஊரைவிட்டு வந்து நகருக்கு நகர் பழைய மாணவர் சங்கம் நடத்தும் எமக்குச் சொல்ல வேண்டிய கதை.

இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் இந்தப் பகுதியின் வீதிகளில் சிவப்புக் கொடி கட்டிய கார்களைக் காணலாம். ரட்கேர்ஸின் உதைபந்தாட்டத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள். அமெரிக்கர் உதைபந்து என்று அழைப்பது எமது உதைபந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, முட்டி மோதி ஆடுவது. ஆனால் அதன் பிறப்பு எமது ஆட்டத்துக்குச் சற்று நெருக்கமானது. 1869 நவம்பர் 6 அன்று ரட்கேர்ஸ் மாணவரும் பிரின்ஸ்ரன் மாணவரும் நியூ பிரன்ஸ்விக்கில் பக்கத்துக்கு 25 பேராக நின்று ஆடினார்கள். பந்து உருண்டையானது, அதைத் தூக்கிக்கொண்டு ஓட அனுமதி இல்லை. ரட்கேர்ஸ் மாணவர் சிலர் தம்மை அடையாளம் காட்டச் சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். 6க்கு 4 என்று அவர்கள் வென்றார்கள். அடுத்த வாரம் பிரின்ஸ்ரனில் நடந்த ஆட்டத்தில் 8க்கு 0 என்று தோற்றார்கள். அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தின் வரலாறு இந்த ஆட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது.

ரட்கேர்ஸின் ரசிகர்கள் கூடினால் பேச்சு எங்கே போகும் என்பது தெரிந்ததே. 1976இல் ஆடிய 11 ஆட்டங்களையும் வென்ற அணி. 2006 நவம்பரில், அப்போது நாட்டில் மூன்றாம் இடத்திலிருந்த லூயிவில் அணியை 28க்கு 25 என்று வீழ்த்திய இரவு. 2010இல் மைதானத்தில் முதுகெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்குப் போன எரிக் லெகிரான்ட். 2013இல் அவருடைய 52ஆம் இலக்கத்தை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று பல்கலைக்கழகம் எடுத்த முடிவு. எமது யாழ்ப்பாணத்தவர் 'வடக்கின் பெரும்போர்' பற்றிப் பேசும்போது குரல் உயர்வதைக் கேட்டவர்களுக்கு இவர்கள் அந்நியராகத் தெரியமாட்டார்கள். யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டம் பற்றி ரொறொன்ரோவில் பனிக்குள் நின்று வாதிடுகிறவர்கள்தாமே நாங்கள்.

ரட்கேர்ஸின் பழைய ஆட்டக்காரர்களில் உலகம் அறிந்த பெயர் ஒன்றே ஒன்று: போல் ரோப்சன். அவர் வளர்ந்த ஊர்தான் சோமர்வில்.

1898 ஏப்ரல் 9 அன்று பிரின்ஸ்ரனில் பிறந்தவர் ரோப்சன். தந்தை வில்லியம் ட்ரூ ரோப்சன், வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்து, இளம் வயதில் தப்பியோடி, படித்து மதகுருவானவர். பிரின்ஸ்ரனில் அவர் வகித்த பதவி பறிபோனது. 1904இல் தாய் வீட்டில் பற்றிய தீயினால் இறந்தார். குடும்பம் வெஸ்ற்பீல்டுக்கும் பின்னர் 1910இல் சோமர்வில்லுக்கும் இடம்பெயர்ந்தது. அங்கே தந்தை ஒரு கறுப்பர் தேவாலயத்தின் குருவானார். மகன் சோமர்வில் உயர்தரப் பாடசாலையில் படித்து, மாநில அளவிலான போட்டிப் பரீட்சையில் புலமைப்பரிசில் வென்று 1915இல் ரட்கேர்ஸுக்குப் போனார். அந்தக் கல்லூரி தன் ஒன்றரை நூற்றாண்டில் சேர்த்துக்கொண்ட மூன்றாவது கறுப்பின மாணவர் அவர்.

அணியில் இடம் கேட்டுப் போன முதல் நாளில் அவருக்குக் கிடைத்த வரவேற்பை அவரே 1944இல் நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார். சொந்தக் கல்லூரி மாணவர்களே சேர்ந்து விழுந்து தாக்கினார்கள். மூக்கு உடைந்தது, தோள் மூட்டு விலகியது. பல நாட்கள் படுக்கையில் கிடந்தார். தந்தையோ, இந்தக் கல்லூரிக்கு வர விரும்பும் மற்றக் கறுப்புப் பையன்களுக்கும் சேர்த்தே நீ அங்கே நிற்கிறாய், விட்டு ஓடக்கூடாது என்ற கருத்தை அவருக்கு முன்பே ஊட்டியிருந்தார். திரும்பவும் போனார். ஒருவன் ஆணி வைத்த சப்பாத்தால் அவர் கையை மிதித்தான். ஆத்திரத்தில் எதிரே வந்தவனைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அப்போதுதான் பயிற்சியாளர் சான்ஃபோர்ட், நீ அணியில் இருக்கிறாய் என்று கத்தினாராம்.

அடுத்த ஆண்டு நடந்தது இதைவிட மோசமானது. அதில் எவருடைய எலும்பும் முறியவில்லை. 1916 ரட்கேர்ஸின் 150ஆம் ஆண்டு. ஒக்ரோபர் 14 அன்று விழாக் காலத்து ஆட்டத்துக்கு வேர்ஜினியாவிலிருந்து வாஷிங்டன் அன்ட் லீ கல்லூரி அணி வந்தது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி லீ, போர் முடிந்தபின் தலைவராயிருந்த கல்லூரி அது. கறுப்பன் ஒருவன் நிற்கும் மைதானத்தில் இறங்கமாட்டோம் என்றார்கள். ரட்கேர்ஸ் பணிந்தது. ரோப்சன் வெளியே இருத்தப்பட்டார். ஆட்டம் 13க்கு 13 என்று சமநிலையில் முடிந்தது. பின்னர் மேற்கு வேர்ஜினியா அணி இதே கோரிக்கையோடு வந்தபோது சான்ஃபோர்ட் மறுத்துவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

அதன்பின் ரோப்சனைத் தடுக்க ஆளில்லை. 1917 நவம்பரில் புரூக்ளினில், பிரபல ஆட்டக்காரர்கள் நிறைந்த நியூபோர்ட் கடற்படை அணியை ரட்கேர்ஸ் 14க்கு 0 என்று வென்றபோது பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. ஆண்டுதோறும் நாட்டின் சிறந்த 11 ஆட்டக்காரரைத் தெரிவுசெய்யும் வோல்ரர் காம்ப், 1918இன் அகில அமெரிக்க அணியில் அவரைச் சேர்த்தார். உதைபந்து மட்டுமல்ல, பேஸ்போல், கூடைப்பந்து, தடகளம் ஆகியவற்றிலும் கல்லூரிக்கு ஆடினார். 1919இல் வகுப்பின் முதல் மாணவராகப் பட்டமளிப்பு உரையையும் நிகழ்த்தினார். இத்தனைக்கும் கல்லூரியின் பாடகர் குழுவில் உள்ளூரில் பாடலாம், அதன்பின் நடக்கும் விருந்துகளுக்கு மட்டும் போக முடியாது என்ற நிலைதான் அவருக்கு.

இங்கே இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். ஜேம்ஸ் டிக்சன் கார், ரட்கேர்ஸில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1892ஆம் ஆண்டு வகுப்பு. பின்னர் நியூ யோர்க்கில் வழக்கறிஞர். 1919 ஜூனில், ரோப்சன் பட்டம் பெறவிருந்த வேளையில், கல்லூரித் தலைவர் டெமாரெஸ்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். 1916இல் ரோப்சன் வெளியே இருத்தப்பட்டதைக் குறிப்பிட்டு, ஒரு விளையாட்டுப் போட்டியை நடத்தி முடிப்பதற்காகக் கல்லூரி தன் கொள்கையைக் கைவிட்டது என்று குற்றஞ்சாட்டினார். தன் கல்லூரியின் மீது பற்று இல்லாதவர் இப்படி எழுதமாட்டார். கொடி பிடிப்பவரும் கோஷம் போடுபவரும் கல்லூரிப் பற்று உள்ளவர்களாக இருக்கலாம். ஆனால் மூன்று ஆண்டுகள் கழிந்தும் ஒரு மாணவனுக்கு நடந்ததை மறக்க மறுத்த இந்தப் பழைய மாணவரை அவர்கள் எல்லோருக்கும் முன் வரிசையில் இருத்த வேண்டும்.

ரோப்சனின் பிற்கால வாழ்க்கை பலரும் அறிந்தது. கொலம்பியாவில் சட்டம் படித்தார். செலவுக்குத் தொழில்முறை உதைபந்தாடினார். பின்னர் பாடகரானார், நடிகரானார். 1943இல் நியூ யோர்க் மேடையில் அவர் நடித்த ஒதெல்லோ 296 முறை நிகழ்ந்தது. காலனி நாடுகளின் விடுதலையையும் சோவியத் ஒன்றியத்தையும் ஆதரித்துப் பேசினார். சோவியத் பற்றிய அவருடைய மௌனங்கள் விமர்சனத்துக்குரியவை. ஆனால் அவருடைய நாடு அவரோடு விவாதிக்க வரவில்லை. 1949இல் பீக்ஸ்கில்லில் அவருடைய கச்சேரிக்கு வந்தவர்கள் கல்லெறிந்து தாக்கப்பட்டார்கள். 1950இல் அரசு அவருடைய கடவுச்சீட்டை ரத்துச் செய்தது.

கடவுச்சீட்டு இல்லாத மனிதன் என்றால் என்ன என்பதை எமது வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. எமக்கு நாட்டுக்குள் போக வழி இல்லாதிருந்தது. அவருக்கு நாட்டை விட்டு வெளியே போக வழி இல்லாதிருந்தது. 1952 மே மாதம் அமெரிக்க எல்லையிலேயே ஒரு லொறியின் மேல் நின்று, கனடாப் பக்கம் திரண்டிருந்தவர்களுக்கும் சேர்த்துப் பாடினார். 1957இல் அத்லாந்திக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே லண்டனுக்கும், பின்னர் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளருக்கும் பாடினார். தாயின் செத்தவீட்டு ஒப்பாரியைத் தொலைபேசியில் கேட்டவர்களுக்கு அந்தக் கம்பியின் இரைச்சல் எப்படி இருந்திருக்கும் என்பது தெரியும். 1958இல், வேறொருவர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பின்னரே கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டில் அவருடைய 60ஆவது பிறந்தநாளை இந்தியாவில் பெரிதாகக் கொண்டாடினார்கள். நேரு அதற்கு வாழ்த்துத் தெரிவித்தார்.

இந்த ஆண்டுகளில் விளையாட்டு வரலாற்றில் நடந்த ஒரு சிறு காரியம்தான் இக்கட்டுரைக்குக் காரணம். 1950இல் வெளிவந்த ஒரு கல்லூரி உதைபந்தாட்டத் தொகுப்பு நூலில் 1918இன் அகில அமெரிக்க அணி அச்சானபோது அதில் பத்துப் பெயர்களே இருந்தன. ரோப்சனின் இடத்துக்கு வேறொருவரைப் போடக்கூட இல்லை. பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் பத்துப் பேர் கொண்ட அணி! மறைத்தவர்களுக்குக் கூட்டல் கணக்குப் பற்றிக்கூடக் கவலை இருக்கவில்லை. 1951இல் தொடங்கிய கல்லூரி உதைபந்தாட்டப் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1995இல். அவர் 1976 ஜனவரி 23 அன்றே இறந்துவிட்டிருந்தார். ரட்கேர்ஸ் 1970களிலிருந்து கட்டடங்களுக்கு அவர் பெயரைச் சூட்டத் தொடங்கியது. 2019இல், அவர் பட்டம் பெற்ற நூறாண்டு நிறைவில், நியூ பிரன்ஸ்விக்கில் 1971ஆம் ஆண்டு வகுப்பின் பழைய மாணவர் முன்னின்று அவருக்கென ஒரு சதுக்கம் அமைத்தார்கள். அந்த நகரில் ஒரு வீதியும் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

இனி எம்மிடம் வருவோம். எமது சங்கங்களும் ஆண்டு மலர் போடுகின்றன. அதிபர்களின் படங்கள், அணித்தலைவர்களின் பட்டியல், சாதனைகள். யாழ். மத்திய கல்லூரியின் மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றார்; ஆசியப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. இதை எழுதும்போது எமக்கும் நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டும். ஆனால் எமது பட்டியல்களில் எத்தனை பத்துப்பேர் அணிகள் இருக்கின்றன?

யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளியில் வாங்கில் இருக்க முடியாமல் நிலத்தில் இருத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்க வேண்டும் என்று அரசு கட்டளையிட்டபோது அதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் வெளியார் அல்லர். சில பள்ளிகள் தீ வைக்கப்பட்டன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்ற சிலர் சம ஆசனத்தின் பக்கம் நின்றார்கள். வாங்கில் இருக்க விடாத பிள்ளையை எவர் அணியில் சேர்த்திருப்பார்? அணிக்கு வராமலே போனவனின் பெயர் எந்த மலரிலும் விடுபடுவதில்லை, ஏனெனில் அது எழுதப்படவே இல்லை.

இன்னொன்று. ஏ. எம். ஏ. அஸீஸ் யாழ். இந்துக் கல்லூரியில் படித்தவர். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபர். அவரைப் போன்ற யாழ்ப்பாண முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக எமது பாடசாலைகளில் படித்தவர்கள், ஆடியவர்கள். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் அவர்களைச் சில மணி நேர அவகாசத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றினார்கள். புத்தளத்து முகாம்களில் வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை இருந்தது. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் நடக்கும் எமது ஒன்றுகூடல்களுக்கு அவர்களில் எத்தனை பேருக்கு அழைப்புப் போகிறது?

ஒரு வேறுபாட்டையும் இங்கே கவனிக்க வேண்டும். ரோப்சனை மறைத்தவர்களால் முழுதாக மறைக்க முடியவில்லை. 1918இன் பத்திரிகைகள் நூலகங்களில் இருந்தன. காரின் கடிதம் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. தேடியவர்களுக்குப் பதினோராவது பெயர் கிடைத்தது. எமது நிலை அப்படியல்ல. 1981இல் யாழ். நூலகம் எரிக்கப்பட்டது. 1995 ஒக்ரோபரில் குடாநாடே இடம்பெயர்ந்தபோது பதிவேடுகளையும் கோப்பைகளையும் குழுப் படங்களையும் தூக்கிக்கொண்டு ஓட எவருக்கும் கையிருக்கவில்லை. ஆகவே இன்று நாம் ஞாபகத்திலிருந்து எழுதி அச்சிடும் மலர்தான் நாளைக்கு ஆவணம். அதில் ஒரு பெயரை விட்டால், பின்னர் வந்து சரிபார்க்க வேறு ஏடு இல்லை.

அந்த அணிகளில் ஆடியவர்களில் இன்னும் சிலர் எம் நடுவே இருக்கிறார்கள். ஸ்காபரோவிலும் ஹரோவிலும் பேரப்பிள்ளைகளின் வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள். அடுத்த மலருக்கு விளம்பரம் சேர்க்கப் போகும் இளைஞர்கள் ஒரு பழைய குழுப் படத்தையும் கையில் கொண்டு போகட்டும். படத்தில் நிற்பவர் யார் யார் என்று கேட்கட்டும். பிறகு, நன்றாக ஆடியும் இந்தப் படத்தில் நிற்காதவர் யார், ஏன் என்றும் கேட்கட்டும். பதில் சொல்லும்போது சிலருக்குச் சங்கடமாக இருக்கும். அந்தப் பதிலையும் அப்படியே அச்சிட வேண்டும்.