புரோகிராமர் ஆக எந்தப் புத்தகம்? ஈரோட்டில் பிறந்த ஓர் ஆசிரியரின் வரலாறு

"நல்ல புரோகிராமர் ஆக வேண்டுமானால் எந்தப் புத்தகம் படிக்க வேண்டும்?" இந்தக் கேள்விக்கு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே பதில்தான் சொல்கிறார்கள். டொனால்ட் நூத் 1968ல் வெளியிடத் தொடங்கிய 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்', பிரெட் புரூக்ஸ் 1975ல் எழுதிய 'தி மித்திகல் மேன் மன்த்', கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து 1978ல் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்'. மூன்றுமே அருமையான நூல்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நம் ஊர்ப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் தலைமுறையில் பெரும்பாலோர் இந்தப் புத்தகங்களிலிருந்து தொடங்கவில்லை. அவர்கள் கையில் இருந்தவை வேறு புத்தகங்கள். அவற்றின் வரலாறு பலருக்கும் தெரியாது.

கெலமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உள்ள பேரூராட்சி இது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழிகளும் தெருவில் கேட்கும். ஒரு பக்கம் ரோஜாத் தோட்டமும் காய்கறியும். இன்னொரு பக்கம் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகள். ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் போனால் பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டி. தோட்டமா, தொழிற்சாலை ஷிப்டா, அந்தச் சாலையின் மறுமுனையில் இருக்கும் சாஃப்ட்வேர் கம்பெனியா என்பதுதான் இங்கே கல்லூரி முடிக்கும் பிள்ளைகளின் முன்னால் நிற்கும் கேள்வி. ஆகவே "எந்தப் புத்தகம்?" என்பது இங்கே பிழைப்பைப் பற்றிய கேள்வி.

அந்தச் சாலையின் மறுமுனையை உருவாக்கியதில் ஈரோட்டில் பிறந்த ஒரு பேராசிரியருக்கும் அவருடைய மலிவு விலைப் புத்தகங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அவர் பெயர் வி. ராஜாராமன்.

கான்பூரில் வந்து இறங்கிய இயந்திரம்

ராஜாராமன் 1933ல் பிறந்தவர். டெல்லியிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் படித்து, பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி.யிலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் உயர்கல்வி முடித்தார். இந்தியா திரும்பி கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1963ல் அங்கே ஐ.பி.எம். 1620 என்ற கணினி வந்து சேர்ந்தது. அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழ், ஹாரி ஹஸ்கி போன்ற அமெரிக்கப் பேராசிரியர்கள் அதை நிறுவ உதவினார்கள்.

இந்தியாவில் அதற்கு முன்பே சில கணினிகள் இருந்தன. ஆனால் அவை பெரும்பாலும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு உரியவை. சாதாரண பொறியியல் மாணவனும் வெளியிலிருந்து வரும் ஆசிரியர்களும் புரோகிராம் எழுதிப் பழகக் கான்பூரில் வாசல் திறந்தது. மொழி, ஃபோர்ட்ரான். இயந்திரம் இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள். புத்தகம்தான் இல்லை.

ரூபாய் மதிப்பும் புத்தக விலையும்

வெளிநாட்டுப் புத்தகம் வாங்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. 1966 ஜூன் மாதத்தில் இந்திய ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. அதற்குப் பிறகு 7 ரூபாய் 50 காசு. 10 டாலர் விலையுள்ள ஒரு புத்தகம் ஒரே நாளில் 48 ரூபாயிலிருந்து 75 ரூபாய் ஆகிவிட்டது. அந்நியச் செலாவணிக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்த காலம் வேறு. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மாணவன் எப்படி வாங்குவான்?

ராஜாராமன் வகுப்புக்காகத் தயாரித்த பாடக்குறிப்புகளே புத்தகமாயின. 1960களின் இறுதியில் பிரென்டிஸ்-ஹால் ஆஃப் இந்தியா நிறுவனம் அவற்றை 'பிரின்சிபில்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்ற பெயரில் மலிவு விலைப் பதிப்பாக வெளியிட்டது. அதன்பிறகு ஃபோர்ட்ரான், கோபால், பாஸ்கல், சி என்று ஒவ்வொரு மொழியாக அவர் எழுதிக்கொண்டே இருந்தார். வணிகக் கணக்குகளுக்கான கோபால் மொழி நூலை எச்.வி. சகஸ்ரபுத்தேயுடன் சேர்ந்து எழுதினார்.

இந்தப் புத்தகங்களின் அமைப்புக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் புரோகிராமை முதலில் தாளில் எழுத வேண்டும். பிறகு 80 பத்திகள் கொண்ட அட்டைகளில் துளையிட வேண்டும். அட்டைக் கட்டைக் கணினி மையத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கமா விடுபட்டிருந்தால்கூட மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே இயந்திரத்தைத் தொடும் முன்பே தலைக்குள் புரோகிராம் ஓட வேண்டும். முதலில் கணக்கைப் புரிந்துகொள், பிறகு அதைப் படிப்படியாகப் பிரி, கடைசியில்தான் மொழி என்ற வரிசை அப்படி வந்தது. இயந்திரமே இல்லாத ஊரில் இருந்தவனும் பேப்பர், பென்சிலை வைத்துக்கொண்டு பழகலாம். கம்ப்யூட்டரைப் பார்க்காமலே ஃபோர்ட்ரான் பரீட்சை எழுதிய மாணவர்கள் அன்று இருந்தார்கள் என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1969ல் கான்பூரில் எம்.டெக். முடித்த ஒரு மாணவர் என்.ஆர். நாராயணமூர்த்தி. அவரும் நண்பர்களும் 1981ல் தொடங்கிய இன்ஃபோசிஸ்தான் பின்னாளில் ஓசூர் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியில் தலைமையகத்தை அமைத்தது. கெலமங்கலத்திலிருந்து பார்த்தால் ஈரோடு ஒரு பக்கம், எலக்ட்ரானிக் சிட்டி மறுபக்கம். இரண்டையும் இணைக்கும் வழி கான்பூர் சுற்றி வந்திருக்கிறது!

பி.காம். மாணவனுக்கும் ஒரு வாசல்

1978ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி பங்கைக் குறைக்க அது சம்மதிக்கவில்லை. அந்த இடத்தை உள்நாட்டுக் கம்பெனிகள் நிரப்பத் தொடங்கின. 1980களில் யூனிக்ஸ் பரவியது, கூடவே சி மொழியும் வந்தது. 1984ல் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு, வங்கிகளில் கணினியைக் கொண்டுவரப் பரிந்துரை செய்தது. லெட்ஜர் பக்கம் கணினித் திரைக்கு மாறும் காலம் வந்தது. இதற்கெல்லாம் ஆட்கள் வேண்டுமே?

இங்கேயும் ராஜாராமன் வருகிறார். கணினித் துறைக்குத் தேவையான ஆட்களைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார். அந்தக் குழுவின் பரிந்துரையில் பிறந்ததுதான் எம்.சி.ஏ. படிப்பு. பொறியியல் படிக்காத, ஆனால் கணக்கு தெரிந்த பட்டதாரிகளும் மென்பொருள் துறைக்கு வரலாம் என்ற வாசலைத் திறந்தது அதுதான். பி.எஸ்சி., பி.காம். முடித்த எத்தனையோ பேர் அதன் வழியாகத்தான் உள்ளே போனார்கள். புத்தகத்தை மலிவாக்கியதும் படிப்பைத் திறந்துவிட்டதும் ஒரே எண்ணத்தின் இரண்டு பக்கங்கள். ராஜாராமனுக்கு 1976ல் பட்நாகர் விருதும் 1998ல் பத்மபூஷணும் கிடைத்தன. 2025 நவம்பரில் பெங்களூருவில் மறைந்தார்.

பாலகுருசாமியும் கனேத்கரும்

1990களில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் "சி படிக்கணும்" என்றால் இரண்டு பெயர்கள் வரும். ஒருவர் ஈ. பாலகுருசாமி. 'புரோகிராமிங் இன் ஆன்சி சி' எழுதியவர். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். இன்னொருவர் நாக்பூரைச் சேர்ந்த யஷவந்த் கனேத்கர். 'லெட் அஸ் சி' எழுதியவர். இவரும் கான்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பாலகுருசாமியின் புத்தகம் பரீட்சைக்கு ஏற்ற வகையில் இருந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் கேள்விகள், பயிற்சிகள், செய்து காட்டிய கணக்குகள். கனேத்கரின் நடை பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். ஆங்கிலம் தடுமாறும் மாணவனையும் அது பயமுறுத்தாது. அதனால்தான் சின்ன ஊர் மாணவர்களிடம் இரண்டும் செல்வாக்குப் பெற்றன.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இவற்றின் பழைய பதிப்புகள் பலவும் டர்போ சி காலத்துப் பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தன. இன்றைய கம்பைலர்களில் அந்தப் புரோகிராம்கள் சில ஓடவே ஓடாது. பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் 20 வருடப் பதிப்பை அப்படியே நம்பினால், வேலைக்குப் போகும் இடத்தில் மறுபடியும் கற்க வேண்டியிருக்கும். மனப்பாடம் செய்து மார்க் வாங்கவும் இந்தப் புத்தகங்கள் பயன்பட்டன. அது புத்தகத்தின் குற்றமா, பரீட்சையின் குற்றமா என்பது தனிக் கேள்வி.

தமிழில் என்ன இருக்கிறது?

விலை என்ற தடை குறைந்தது. மொழி என்ற தடை? பள்ளிவரை தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் திடீரென்று ஆங்கிலப் புத்தகத்தைப் பிரிக்கும் மாணவனுக்கு இரண்டு சுமை. ஒன்று புரோகிராமிங், மற்றொன்று ஆங்கிலம். எல்லைப் பகுதியில், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்குச் சுமை இன்னும் ஒன்று கூடுகிறது.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பாடநூல் தமிழிலும் உண்டு. பல வருடம் சி++ பாடமாக இருந்தது. 2019ல் வந்த புதிய பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான் சேர்ந்தது. மாறி, மடக்கு, செயற்கூறு போன்ற சொற்கள் அப்படித்தான் வகுப்பறைக்கு வந்தன.

2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் அடுத்த படி. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நடத்தும் இதில் வந்த தொடர்கள் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் மின்னூல்களாயின. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' அவற்றில் ஒன்று. விலை? இலவசம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் நகலெடுத்துக் கொடுப்பதும் குற்றமில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற மொழியில் கட்டளைகளையே தமிழில் எழுதிப் பழகலாம். வேலைவாய்ப்புக்கு அது போதாதுதான். ஆனால் 'புரோகிராம் என்றால் என்ன' என்ற முதல் பயத்தைப் போக்க அது போதும்.

எந்த வரிசையில் படிக்கலாம்?

இந்த வரலாற்றிலிருந்து ஒரு வரிசை தானாகவே கிடைக்கிறது. தொடக்கத்தில் தமிழ்ப் பாடநூலும் 'எளிய தமிழில்' வரிசையும். கருத்து புரிந்த பிறகு, கனேத்கர் அல்லது பாலகுருசாமியின் புதிய பதிப்பு ஒன்று. இரண்டும் தேவையில்லை. அதில் உள்ள பயிற்சிகளைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கணினியில் ஓட்ட வேண்டும். கான்பூர் மாணவர்களுக்கு அது கட்டாயமாக இருந்தது, இன்றும் அந்தப் பழக்கம் பலன் தரும். மூன்றாவதாக கெர்னிகன்-ரிட்சி. முதல் புத்தகமாக எடுத்தால் மிரட்டும், மூன்றாவதாக எடுத்தால் ருசிக்கும். வேலையில் சேர்ந்த பிறகு புரூக்ஸ். தாமதமான வேலைக்கு மேலும் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று அவர் சொன்னது, ஒரு புராஜெக்டில் மாட்டிக்கொண்ட பிறகுதான் நன்றாகப் புரியும். நூத் எழுதியது வாழ்நாள் முழுக்கப் படிக்க வேண்டியது.

சிறந்த புத்தகம் எது என்று கேட்பதற்கு முன்னால், அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்று கேட்க வேண்டும். ராஜாராமன் தன் வகுப்புக் குறிப்புகளைக் குறைந்த விலையில் வெளியிட்டதால் ஒரு தலைமுறை படித்தது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் வரைதான் அது எட்டியது. மிச்சமிருக்கும் தூரத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள்தான் கடக்க வேண்டும். சாலையின் மறுமுனையில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள், தெரிந்ததைத் தமிழில் ஆளுக்கொரு அத்தியாயம் எழுதினாலே அது நடந்துவிடும்.