நட்டம் யார் தலையில்? அமெரிக்க, ஜப்பானிய முதலீட்டு மரபுகளும் சித்தேரி மலை உழவரும்

புத்தொழில் தொடங்குவோருக்கான பயிற்சிகளில் முதலீடு கேட்கும் முறை பெரும்பாலும் பண்பாட்டுப் பாடமாகவே சொல்லித்தரப்படுகிறது. அமெரிக்கரிடம் கனவைப் பேச வேண்டும். ஜப்பானியரிடம் அடக்கம் காட்ட வேண்டும். முகவரி அட்டையை இரு கைகளாலும் நீட்ட வேண்டும். இந்தப் பாடம் பொய்யில்லை. ஆனால் விளைவைக் காரணமாகக் காட்டிவிடுகிறது. தொழில் தோற்றால் நட்டத்தை யார் சுமப்பது என்பதே முதலீட்டுப் பேச்சின் வடிவத்தை முடிவு செய்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் நின்று பார்த்தால் இந்த உண்மைக்கு நடைமுறைப் பொருளும் உண்டு.

அமெரிக்க அவை

நவீனத் துணிகர முதலீட்டின் தொடக்கமாக, ஜார்ஜ் டோரியோ வழிநடத்திய அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மெண்ட் நிறுவனத்தைச் சொல்வது வழக்கம். அது உருவான ஆண்டு 1946. அது 1957இல் கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் ஆகிய இரு பொறியாளர்களின் நிறுவனத்தில் 70,000 டாலர் இட்டது. பெரிய நிறுவனங்களே கணினியில் கையைச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே முதலீட்டாளர்முன் ‘கணினி’ என்ற சொல்லையே எடுக்க வேண்டாம் என்று அந்த இருவருக்கும் அறிவுரை சொல்லப்பட்டது. கணினி செய்ய வந்தவர்களின் நிறுவனம் ‘டிஜிட்டல் எக்விப்மெண்ட்’ என்று பெயர் பெற்றது இப்படித்தான். அமெரிக்கத் துணிகர முதலீட்டின் முதல் பெரும் வெற்றி, ஆசையை அடக்கிப் பேசிய பேச்சில் பிறந்தது.

பேச்சு உரத்தது பிற்பாடு. பணம் தருவோர் பலர், நிர்வகிப்போர் சிலர், பத்தாண்டுக் காலவரை, இலாபத்தில் நிர்வாகிகளுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு என்ற கூட்டாண்மை நிதியம் வழக்கமானது. இதில் பல நிறுவனங்கள் மூழ்கினாலும் ஒன்றிரண்டு பல மடங்கு வளர்ந்தால் கணக்கு நேராகிவிடும். தோற்ற நிறுவனர் பொதுவாகத் தன் வீட்டை இழப்பதில்லை. அடக்கமாகப் பேசுபவர் இங்கே தன்னையே குறைத்துக்கொள்கிறார், ஏனெனில் சிறிய வெற்றியால் நிதியத்துக்குப் பயன் இல்லை. சந்தை எவ்வளவு பெரிது, எத்தனை மடங்கு வளரும் என்ற கேள்விகள் முன்னே நிற்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஜப்பானிய அவை

1973இல் தொடங்கிய துணிகர முதலீட்டு நிறுவனமான ஜாஃப்கோவின் பின்னால் நோமுரா பங்குத் தரகு நிறுவனம் இருந்தது. அக்கால ஜப்பானியத் துணிகர முதலீட்டு நிறுவனங்கள் பலவும் இப்படி வங்கி, காப்பீடு, பங்குத் தரகு நிறுவனங்களின் கிளைகளே. அங்கே முதலீட்டை ஆராய்ந்தவர் மாதச் சம்பளக்காரர். வெற்றியில் அவருக்குப் பங்கு சிறிது. தோல்வியோ அவர் பணிப் பதிவில் கறை. எனவே ஒருவர் எழுதிய முன்மொழிவு மேசை மேசையாகச் சென்று முத்திரை பெறும் ‘ரிங்கி’ முறை, பொறுப்பைப் பலர் தோளிலும் ஏற்றியது. அதற்கு முன்னதாக ஒவ்வொருவரையும் தனியே கண்டு பேசுவது ‘நெமவாஷி’. மரத்தைப் பெயர்த்து நடுமுன் வேரைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பக்குவப்படுத்தும் தோட்ட வேலையிலிருந்து வந்த சொல் அது. முடிவு ஏற்கெனவே வேரில் நடந்துவிடுவதால், கூட்டத்தில் அமைதி நிலவுகிறது.

நிறுவனரின் அடக்கத்துக்கும் காரணம் உண்டு. ஜப்பானில் நிறுவனக் கடனுக்கு உரிமையாளரே சொந்த ஜாமீன் தருவது நெடுநாள் வழக்கம். அதைத் தளர்த்தும் வழிகாட்டு நெறிகள் 2014இல்தான் நடைமுறைக்கு வந்தன. மிகைப்படுத்திய வாக்குக்குச் சொந்த வீட்டை விலையாகத் தர வேண்டியவர் சொல்லை எண்ணித்தானே பேசுவார்?

இதை மறுப்போர் நாட்டுக் குணமே காரணம் என்பர். அவர்களுக்கு ஜப்பானியத் தொழிலதிபர் மசயோஷி சன் விடையாகிறார். அவருடைய சாஃப்ட்பேங்க் 2000ஆம் ஆண்டில் அலிபாபாவில் 2 கோடி டாலர் இட்டது. முதல் சந்திப்பில் வருமானக் கணக்கே பேசப்படவில்லை என்று அலிபாபாவின் நிறுவனர் ஜாக் மா சொல்லியிருக்கிறார். சன் தன் நிறுவனத்தின் பெரும் பங்குதாரர், நட்டம் அவருடையது, முத்திரை கேட்க மேலே ஆள் இல்லை. டோக்கியோவில் இருந்தும் அவர் விரைந்தார், பாஸ்டனில் இருந்தும் ஓல்சன் அடங்கிப் பேசினார். நாடு மாறாமலே பேச்சு மாறியிருக்கிறது.

தருமபுரியின் அவை

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. ஈடு வைக்க நகையோ பட்டாவோ இல்லாதவர்களுக்குக் குழுவே ஈடு. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஆகவே தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள். கூட்டத்துக்கு முன்பே பேச்சு முடிந்திருப்பதும் உண்டு. ஜப்பானை அறியாமலே, அதே நட்டக் கணக்கு அதே நடைமுறையைப் பெற்றெடுத்திருக்கிறது.

சித்தேரியின் மலையாளிப் பழங்குடி உழவர்கள் சாமை விளைவிக்கிறார்கள், புளி சேகரிக்கிறார்கள். மதிப்புக்கூட்டி விற்க முதல் வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்தால், சட்டப்படி உற்பத்தியாளர் மட்டுமே பங்குதாரராகலாம். தனிநபர்களே உறுப்பினரான நிறுவனத்தில் எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. வெளி முதலீட்டாளருக்கு விற்கப் பங்கே இல்லாதவரிடம் பங்கு விற்கும் பேச்சைக் கற்பிப்பது வீண். தனியார் நிறுவனமாகப் பதிவு செய்தால் வழி உண்டு: 2022-23இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் புத்தொழில்களுக்கென 30 கோடி ரூபாய் நிதியம் அறிவித்தது. இது கடனன்று, அரசே பங்குதாரராகிறது. நட்டத்தில் அரசுக்கும் பங்கு உண்டு என்பதால் இதை நான் மனமார வரவேற்கிறேன்.

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு மற்றொரு பாடம் சொல்கிறது. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்தே, பின்னர் இயற்கை வேளாண் சங்கமும் லம்பாடிப் பெண்களின் ‘போர்கை’ பூவேலைப்பாடும் கிளைத்தன. வேரடி மண் பல ஆண்டுகள் பதமான பிறகே அங்கே தொழில் நடப்பட்டது.

எல்லோரும் கூடி முடிவெடுக்கும் இந்த இசைவு முறையில் குறையும் உண்டு. ஊர்க் கூட்டத்தில் மூத்தவர் பேச, இளையோர் குரலும் பெண்கள் குரலும் அமுங்கலாம். முடிவு தாமதமானால் அறுவடை வியாபாரி கைக்குப் போய்விடும். இவற்றுக்கு அமெரிக்க மரபின் காலக்கெடுவும், யாரும் நேரே எழுந்து கேட்கலாம் என்ற உரிமையும் மருந்தாகும். ஆகவே அந்த அரசு நிதியத்துக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிப்போர் மேடைப் பேச்சுக்கு மட்டும் மதிப்பெண் தராமல், குழுவின் தீர்மான நோட்டையும் படிக்க வேண்டும். மலைக்கே சென்று கேட்க வேண்டும். மறுப்பதானால் குறித்த நாளுக்குள் காரணத்தோடு மறுக்க வேண்டும்.

சித்தேரியிலிருந்து இறங்கி வரும் இளைஞரிடம் ‘துணிந்து பேசப் பழகு’ என்கிறோம். அதற்கு முன் நாம் தர வேண்டியது ஒன்று உண்டு: இந்தத் தொழில் தோற்றாலும் உன் நிலமும் வீடும் தப்பும் என்று எழுத்தில் ஓர் உறுதி. அது கையில் இருந்தால் துணிவை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.