வாளலகு தந்தவர் யார்?

நமது சமூகத்துத் தச்சரிடையே இந்நாளில் வழங்கிவரும் கருவிகளுள் ஸ்க்ரோல் சா என்பதொன்று. வில்போல் வளைந்த சட்டத்தின் இரு நுனிகளுக்கிடையே நரம்புபோல் மெல்லியதோர் அலகை இழுத்துக் கட்டி, அதனை மேலும் கீழும் ஓடச் செய்து, பலகையில் கொடியும் பூவும் எழுத்தும் அறுத்தெடுக்கும் வாள் அது. பூஜை அறைக் கதவின் ஜாலி வேலைக்கும், சுவாமி படச் சட்டத்துக்கும், வீட்டுப் பெயர்ப்பலகைக்கும் மிகவும் ஏற்றது. கையால் அறுக்கும் பிரெட் சாவும், தட்டார் பொன் தகட்டை அறுக்கும் நுண்வாளும் இதன் உடன்பிறப்புகளே. இவற்றில் சட்டம் ஆயுள்வரை நிற்கும். அலகோ, அதாவது கடைக்காரர் பிளேடு என்று சொல்லும் அச்சிறு தகடோ, நாள்தோறும் தேய்வதும் ஒடிவதுமாக இருக்கும். ஆதலின் நல்ல அலகை இடையறாது தருபவர் எவர் என்னும் கேள்வி, பார்வைக்குச் சிறிதாயினும், தொழிலாளியின் அன்றாட வரும்படியைத் தொடுவதாகும். அக்கேள்விக்கு நம் முன்னோர் காலத்தில் என்ன விடை இருந்தது, அது எவ்வாறு மாறிற்று, இன்று நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றைச் சுருங்க ஆராய்வோம்.

முருகப்பெருமான் கோயில் கொண்டுள்ள வல்லக்கோட்டையைச் சூழ்ந்த இந்நாடு, 1763-இல் ஆர்க்காட்டு நவாபு கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரைச் சேர்ந்தது. 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளர் அந்த ஜாகீரின் ஏறக்குறைய 2,000 ஊர்களின் நிலமும் விளைவும் குடிகளின் உரிமையும் கணக்கெடுத்தார். ஊர் விளைவிலிருந்து கோயிலுக்கும் ஏரிக்கும் ஒதுக்கியதுபோலவே கொல்லருக்கும் தச்சருக்கும் பங்கு ஒதுக்கிய செய்தியை அக்கணக்குகளில் காண்கிறோம். இதன் கருத்து யாது? கருவி செய்தவனுக்குக் கூலி கருவிக்கு இவ்வளவு என்று அன்று. ஊர் விளைந்தால் அவனுக்கும் விளைந்தது. அரிவாள் மழுங்கினாலும், வாளின் பல் சாய்ந்தாலும், கொண்டுபோய்க் காட்ட உலைக்களம் ஊருக்குள்ளேயே இருந்தது. வாள் அடித்த கொல்லரும், அதனைப் பிடித்த தச்சரும் ஒரு மரபினர். "ஏன் ஒடிந்தது?" என்று கேட்டால் விடை சொல்ல எதிரிலேயே ஆள் இருந்தான். நல்ல வியாபாரியைத் தேடும் வேலையே அக்காலத்துத் தச்சருக்கு இருந்ததில்லை.

அந்தக் கொல்லர் கையாண்ட உருக்கும் இழிந்ததன்று. ஈரோட்டுக்கு அருகே கொடுமணலிலும், மேல்சிறுவளூரிலும் மண் மூசையில் உருக்குக் காய்ச்சிய அடையாளங்களை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஊட்ஸ் என்று மேனாட்டார் அழைத்த இந்நாட்டு உருக்கைக் குறித்து 1795-இல் ஜார்ஜ் பியர்ஸன் லண்டன் ராயல் சங்கத்தாருக்கு எழுதினார். பின்னர் மின்சார ஆராய்ச்சியால் உலகப் புகழ் எய்திய மைக்கேல் பாரடேயும் 1819-இல் அதனைப் பகுத்தாய்ந்தார்.

நிற்க. இத்தகைய உருக்கு இருந்தும், இன்று நாம் வாங்கும் மெல்லிய அலகு நம் உலைக்களத்தில் ஏன் பிறக்கவில்லை? சம்மட்டியால் அடித்துப் பெரிய வாள் செய்யலாம்; முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவலாம். ஆனால் ஒரு மில்லிமீட்டர் அகலமும் அதில் பாதிக்கும் குறைந்த தடிப்பும் உடைய நாடா முழுதும் ஒரே தன்மையாக இருக்க வேண்டுமாயின், உருக்கு உள்ளும் புறமும் ஒருபடித்தாக இருத்தல் வேண்டும். உருளையில் இட்டு இழுக்கும் இயந்திரமும் வேண்டும். இங்கிலாந்தில் கடிகாரம் செய்துவந்த பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன், கடிகார வில்லுக்கு ஏற்ற உருக்கைத் தேடியே 1740-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷெபீல்டு நகர்ப்புறத்தில் மூசையுருக்கு முறையைக் கண்டார். ஐரோப்பாவில் நுண்வாள் அலகுகளும் ஆதியில் கடிகார வில்லின் தகட்டிலிருந்தே வந்தன என்பர்.

நம் நாட்டு இரும்பும் அந்நகரத்தோடு தொடர்புற்றது. சேலத்து இரும்புக் கல்லைக் கொண்டு பரங்கிப்பேட்டையில் 1830-ஐ ஒட்டி உலை நாட்டிய ஜோஸையா மார்ஷல் ஹீத் என்பவர், பின்னர் ஷெபீல்டு சென்று, உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். பரங்கிப்பேட்டை உலை நிலைக்கவில்லை, ஷெபீல்டு செழித்தது. உருக்கை அறிந்தவரும் மரத்தை அறிந்தவரும் ஒரே ஊரில் இருந்த நிலை இவ்வாறு மெல்ல மாறிற்று.

அதன்பின் அலகு கப்பலில் வந்தது. இங்கிலாந்தில் பிரெட் சா வேலை வீட்டு விளையாட்டாகவே பரவி, 1895-இல் ஹாபீஸ் என்னும் பத்திரிகை அதற்கெனவே தோன்றுமளவு பெருகிற்று. நுண்வாள் அலகுக்கு ஜெர்மனி பேர்பெற்றது. அரத்துக்குப் பேர்போன சுவிட்சர்லாந்தின் வல்லோர்ப் ஊரில் 1899-இல் ஒன்றுகூடிய தொழிற்சாலையின் அரமும் நுண்வாளும் இன்றும் பொற்கொல்லரால் விரும்பப்படுவன. சரக்கு நல்லதுதான், ஆயினும் அதனை நம்பிய தொழில் கடலை நம்பிய தொழிலாயிற்று. 1914-இல் யுத்தம் மூண்டதும் ஜெர்மன் சரக்கு நின்றது. இன்றியமையாத பொருள் பலவற்றுக்கு இந்தியா அயல்நாட்டை நம்பியிருந்த குறையை 1918-இல் வெளிவந்த கைத்தொழில் கமிஷன் அறிக்கை எடுத்துரைத்தது. 1939-இல் மறுபடியும் நின்றது. சுதந்திரத்துக்குப் பின் 1991 வரையில் இறக்குமதி லைசென்ஸ் முறை இருந்தது. இன்று அத்தடை பெரும்பாலும் இல்லை. சென்னை ஜார்ஜ் டவுன் இரும்புச் சாமான் கடைகளிலும், தட்டார் கருவி விற்கும் கடைகளிலும் பல நாட்டு அலகும் கிடைக்கின்றன. பண்டம் மலிந்தது, கேட்டால் விடை சொல்லும் ஆள்தான் அருகிவிட்டான்.

ஆகவே நல்ல வியாபாரியை அறியும் வழி, அவரைக் கேள்வி கேட்பதேயாம். அலகை ஆக்கிய கம்பெனி எது? கட்டு உடையாமல் வந்ததா, பல சரக்கைக் கலந்த உதிரியா? அடுத்த மாதமும் இதே சரக்கு கிடைக்குமா? துருவேறியது இருப்பின் மாற்றித் தருவீரா? இவற்றுக்கு நேராக விடை கூறுபவர் விலை சற்று மிகினும் அவரையே கொள்க. 5-ஆம் எண், 7-ஆம் எண் என்று எண்ணை மட்டும் சொல்லி வாங்குதல் போதாது. கம்பெனிதோறும் அளவு சிறிது வேறுபடும். அகலம், தடிப்பு, அங்குலத்துக்கு எத்தனை பல் என்னும் மூன்றையும் கேட்டறிக. நுனியில் குறுக்கூசி உள்ளதா, வெறும் நுனியா என்பதை நம் இயந்திரத்தோடு ஒத்துப் பார்க்க. வெறும் நுனி அலகு பொதுவாக 5 அங்குல நீளம் உடையது.

முதலில் ஒரு டஜன் மட்டுமே வாங்கிச் சோதிக்க. பூதக்கண்ணாடியில் பற்கள் ஒரே சீராகத் தோன்ற வேண்டும். உருக்கைக் கடினமாக்கும் முன்னரே பல் வெட்டிய அலகில் ஒருபுறம் பிசிர் நிற்கும். அது கோட்டை விட்டு ஒருபக்கமாக இழுக்கும். கடினமாக்கிய பின் சாணையால் பல் தீட்டியது விலை மிகுந்தது. ஆயின் நேராகச் செல்லும், நெடுநேரம் உழைக்கும். மெல்ல வளைத்துவிட்டால் மீண்டும் நிமிர வேண்டும். வளைந்தே நிற்பது மென்மை, உடனே முறிவது மிகுகடினம். பின்னர்ப் பன்னிரண்டையும் ஒரே பலகையில், ஒரே கோட்டில் ஓட்டிப் பார்க்க. பன்னிரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு உழைப்பதே நல்ல சரக்கின் இலக்கணம். ஒன்று நெடுநேரமும் மற்றொன்று நொடியும் உழைப்பதாயின் அது கூடாது. வியாபாரிக்கும் நீதி செய்தல் வேண்டும். அலகை இழுத்துக் கட்டி விரலால் தட்டினால் தந்திபோல் கணீரென ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிக்கும்படி தளரவிட்டு, ஒடிந்தபின் சரக்கைக் குறைகூறுதல் முறையன்று.

இச்சோதனை வீண்வேலை என்று கருதற்க. மலிந்த அலகு நடுவில் கோணினால், பல மணி நேரம் அறுத்த தேக்குப் பலகை ஒரு கணத்தில் பாழாகின்றது. தகப்பன் தன் கையையே நொந்துகொள்கின்றான். அதனைக் கண்ட மகன், இத்தொழிலில் ஊதியம் இல்லையெனத் துணிந்து விலகுகின்றான். கருவியின் குற்றம் குலத்தொழிலின் குற்றமாகி விடுகின்றது.

அவ்வாறு விலகிய மைந்தர் எங்கே சென்றனர்? 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் வெளிவரத் தொடங்கியது முதல், ஒரகடம், வல்லம் வடகால் என்று ஆலைகள் வல்லக்கோட்டையின் வாயிலுக்கே வந்துவிட்டன. அவற்றின் டூல் ரூம்களில் உருக்கின் கடினத்தை எண்ணால் அளக்கின்றனர், பல்லைச் சாணையிடுகின்றனர், மெல்லிய பித்தளைக் கம்பியில் மின்பொறி ஓடவிட்டு, கெட்டி உருக்கையே வளைகோட்டில் அறுக்கின்றனர். ஸ்க்ரோல் சா மரத்தில் செய்வதை அக்கம்பி இரும்பில் செய்கின்றது. ஊரைவிட்டுப் போன உருக்கறிவு இவ்விளைஞர் வாயிலாகவே திரும்பி வந்துள்ளது. அது தச்சுப் பட்டறைக்குள் இன்னும் நுழையவில்லை.

ஆதலின் அங்கத்தினருக்கு நமது வேண்டுகோள் இரண்டு. நாலைந்து பட்டறையார் ஒன்றுகூடி, சோதித்துத் தெளிந்த அலகை ஒரு குரோஸாக, அதாவது 144-ஆக, வாங்கிப் பங்கிட்டு, மழைக்காலத்தில் எண்ணெய்த்தாளில் சுற்றிக் காத்து வைப்பாராக. ஆலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் மாதம் ஒருமுறையேனும் தகப்பன் பட்டறையில் அமர்ந்து, ஒடிந்த அலகை எடுத்து, ஏன் ஒடிந்தது என்று அவருக்கு விளக்குவாராக. களத்து நெல்லில் பங்கு பெற்ற கொல்லர் அன்று செய்த உபகாரம் அதுவே.