மாதுளம்பழம் முதல் சிலிகான் வரை: உள்ளே மறந்துபோன வளையத்தின் கதை

1/ ஜவ்வாது மலைக்கு நான் டூட்டிக்கு வந்த புதுசு. ஓபிக்கு ஒரு பாட்டி. வெள்ளைப்படுது, நாத்தம், லேசா ரத்தம். பரிசோதிச்சா உள்ளே ஒரு வளையம்!

"அடி தள்ளிடுச்சுன்னு கீழ ஒரு ஆஸ்பத்திரியில வச்சாங்கம்மா. ஆறேழு வருஷம் இருக்கும்."

ஏன் பாட்டி மாத்தலை?

"மாத்தணும்னு யாருமே சொல்லலையே தாயி."

2/ கர்ப்பப்பை இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிற இந்த வளையத்துக்குப் பெயர் பெசரி. இதோட வரலாறு 2000 வருஷத்துக்கும் மேல.

பழைய கிரேக்க மருத்துவர்கள் பாதி மாதுளம்பழத்தை உள்ளே வச்சாங்க. பெண்ணை ஏணியில தலைகீழாக் கட்டிக் குலுக்கினதும் உண்டு. 2-ம் நூற்றாண்டில் சொரானஸ்தான் இந்தக் கொடுமையைக் கண்டித்தார்.

3/ பழம் அழுகும். அதனால 16-ம் நூற்றாண்டில் பிரான்சின் அம்ப்ரோய்ஸ் பாரே பித்தளையிலும், மெழுகு பூசிய தக்கையிலும் செய்தார். 1663-ல் ஆம்ஸ்டர்டாமின் வான் ரூன்ஹாய்ஸ், கசிவு வெளியேறட்டும்னு தக்கையின் நடுவே ஓட்டை போட்டார். உள்ளே தேங்கினா நாறும், புண்ணாகும்னு அப்பவே தெரிஞ்சிருக்கு.

4/ 1844-ல் குட்இயர் பதப்படுத்திய ரப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். ஆமா, டயர் கம்பெனிக்கு யார் பெயரை வச்சாங்களோ, அவரேதான்! அந்த ரப்பரில் அமெரிக்காவின் ஹாட்ஜ் வளைந்த பெசரி செய்தார். அப்புறம் பிவிசி, இப்போ சிலிகான்.

5/ பொருள் மாறிச்சு, தொல்லை அதேதான். மறந்துபோன வளையம் சதையை அரிக்கும். புண் வளர்ந்து வளையத்தையே மூடிடும். இன்னும் விட்டா சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ ஓட்டை விழலாம். அரிதா புற்றுநோயும் வந்திருக்கு. பிவிசி வளையத்தை 3 மாசத்துக்கு ஒருமுறை மாத்தணும்னு எங்க பாடப்புத்தகமே சொல்லுது.

6/ ஆனா சாமை வயலை விட்டுட்டு, பஸ் பிடிச்சு மலையிறங்கி, 3 மாசத்துக்கு ஒருமுறை யார் போவாங்க? அதுவும் வெளியே சொல்லவே கூசுற நோய்க்கு? செங்கல்பட்டுப் பக்கம் 1981-ல் தொடங்கின கிராமப்புறப் பெண்கள் அமைப்பு ரூவ்செக். தமிழ்நாட்டுப் பெண்கள் இந்த இறக்கத்தோடயே வேலை செஞ்சு வாழறதை அதன் ஆய்வு 1999-ல் பதிவு பண்ணிச்சு. அது எழுதினது சமவெளிப் பெண்களைப் பற்றி. மலையில தூரமும் சேர்ந்துக்குது.

7/ பாட்டியைக் கீழே அனுப்பினேன். வளையத்தைச் சதை மூடியிருந்ததால உடனே எடுக்க முடியலை. சில வாரம் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போட்டு, மயக்கம் கொடுத்து எடுத்தாங்க. புண்ணில் சதைத்துண்டு எடுத்து சோதிச்சாங்க. நல்லவேளை, புற்றுநோய் இல்லை.

8/ பெசரி கெட்டதில்லை. ஆபரேஷன் தாங்காத பாட்டிகளுக்கு அது வரம். வச்ச தேதியும் மாத்த வேண்டிய தேதியும் நோட்டுல இருக்கணும், அவ்வளவுதான். 2021-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரையோட வீட்டு வாசலுக்கே போகுது. அந்தப் பட்டியல்ல இந்தத் தேதியும் ஏறட்டும்.

9/ இப்போ எங்க ஓபியில தனியா ஒரு வளைய நோட்டு இருக்கு. முதல் பெயர் அந்தப் பாட்டியோடது.

உங்க வீட்டுல அம்மா, பாட்டி யாருக்காவது வளையம் வச்சிருந்தா, இன்னிக்கே கேளுங்க: "எப்போ வச்சது?"