கடல் இல்லாத நாட்டின் துறைமுகம்

"ஏனுங்க, கொச்சிக்கு எதுக்குங்க போறீங்கோ?"

போத்தனூரில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த பெரியவர் கேட்டார். காங்கயத்துப் பக்கத்து விவசாயி. திருச்சூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். "ஊர் பார்க்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்கே பாக்கறக்கு என்னங்க இருக்குது? தண்ணியும் கப்பலும். நமக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்?"

கேள்வி நியாயமானதுதான். கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. பருத்தி, மஞ்சள், காங்கயம் காளை, கிணற்றுப் பாசனம் என்று நமக்குப் பெருமைகள் பல உண்டு. அவற்றில் ஒன்றிலாவது உப்புக் காற்று படவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கொங்கு நாட்டுக்கு ஒரு துறைமுகம் இருந்தது. அது நம் எல்லைக்குள் இல்லை, அவ்வளவுதான். அந்தத் துறைமுகத்தின் வாரிசாக இன்று இருப்பது கொச்சி. ஆகவே கோயமுத்தூர்க்காரர் கொச்சிக்குப் போவதை வேடிக்கை பார்க்கப் போவதாகச் சொல்வதைவிடப் பழைய உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொல்வதே பொருத்தம் என்பது என் கட்சி. இதைப் பெரியவரிடம் எடுத்துச் சொல்வதற்குள் ரயில் எட்டிமடையைத் தாண்டி வாளையாறுக்கு வந்துவிட்டது.

வாளையாற்றில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: இரு பக்கமும் மலையைப் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு பெரிய மதில். அந்த மதிலில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குக் கடவுள் ஒரு வாசல் விட்டிருக்கிறார். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆடி மாதத்தில் கோவையில் வீட்டுக் கதவுகளைப் படபடவென்று அடிக்கும் காற்று இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. அரபிக் கடலில் புறப்பட்ட தென்மேற்குப் பருவக்காற்று அது.

அந்தக் காற்றுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து யவனக் கப்பல்கள் இதே பருவக்காற்றைப் பாய்களில் பிடித்துக்கொண்டுதான் சேர நாட்டுக்கு வந்தன. செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு 40 நாள் பயணம் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். நம் வீட்டுக் கதவை அடிக்கும் ஆடிக்காற்று ஒரு காலத்தில் ரோமாபுரியின் செல்வத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. வந்த கப்பல்கள் மார்கழி, தை மாதங்களில் எதிர்க்காற்றுப் பிடித்துத் திரும்பிப் போயின. போகும்போது என்ன கொண்டு போயின? மிளகு, முத்து, தந்தம், இவற்றோடு ஒளி ஊடுருவும் பலவகைக் கற்கள் என்று பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது.

"கல்லுங்களா?" என்று பெரியவர் நிமிர்ந்தார். "எங்கூருப் பக்கம் படியூர்லே பச்சைக்கல்லு எடுத்தாங்கன்னு எங்க அப்பாரு சொல்லுவாருங்க."

அவருடைய பாட்டனார் சொன்னது சரிதான். காங்கயத்துக்கும் திருப்பூருக்கும் இடையே உள்ள படியூரில் பெரில் என்னும் கடல்நிறக் கல் கிடைத்தது; 1819, 1820 ஆண்டுகளில் ஆங்கிலேயர்கூட அங்கே வெட்டி எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து சற்று வடக்கே, சென்னிமலைக்கு மேற்கில், நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுவே என்பது அறிஞர்கள் கருத்து. தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அங்கே அகழ்ந்து பார்த்தார்கள். பெரில், நீலம், படிகம், சூதுபவளம், செவ்வந்திக்கல் ஆகியவற்றில் மணிகள் கிடைத்தன. முழுதாகச் செய்து முடித்தவை மட்டுமல்ல; பாதி அறுத்தது, துளை போடும்போது உடைந்தது, தேய்த்து மெருகேற்றாமல் விட்டது எல்லாம் கிடைத்தன. அதாவது மணிகள் அந்த ஊரிலேயே செய்யப்பட்டன. இரும்பை உருக்கிய உலைகளும் இருந்தன. பானை ஓடுகளில் தமிழ் எழுத்தில் பெயர்கள் கீறியிருந்தன: ஆதன், குவிரன், சம்பன், விசாகி. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் அந்த மனிதர்களின் கையெழுத்து அழியவில்லை.

கொடுமணல் மணி நொய்யல் கரையோடு மேற்கே நடந்து, சூலூர், வெள்ளலூர், பேரூர் கடந்து, இந்த வாசல் வழியாக இறங்கி முசிறிக்குப் போனது. பிற்காலத்தில் இந்த வழிக்கு ராஜகேசரிப் பெருவழி என்று பெயர் சூட்டி, சோழ மன்னன் ஒருவன் கோவைக்கு மேற்கே பாறையில் வெட்டி வைத்தான். வழியெல்லாம் ரோமானிய நாணயங்கள் சிந்தியிருக்கின்றன. 1842-ல் வெள்ளலூரில் மட்டும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளி நாணயங்கள் ஐந்நூறுக்கு மேல் ஒரே இடத்தில் கிடைத்தன. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உறிஞ்சி விடுகிறது என்று பிளினி புலம்பியதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது. நம்மவர்கள் அதை உறிஞ்சிப் பானையில் போட்டுப் புதைத்தே வைத்துவிட்டார்கள்!

பெரியவர் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "கல்லு நம்முளுது. கப்பலு அவிங்களுது. பொன்னு யாருக்குங்க போச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. திருச்சூர் வந்தது. அவர் இறங்கிப் போய்விட்டார். கேள்வி மட்டும் என்னோடு எர்ணாகுளம் வரை வந்தது.

முசிறியைப் பார்க்க வேண்டுமானால் கொச்சிக்குள் நுழைவதற்கு முன் கொடுங்கல்லூர்ப் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே பகவதி கோயில் இருக்கிறது. கண்ணகியே அங்கு பகவதியாக வீற்றிருக்கிறாள் என்று நம்புகிறவர்கள் உண்டு. சற்றுத் தெற்கே பட்டணம் என்ற சிற்றூர். பெயருக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தென்னந்தோப்பும் ஓட்டு வீடுகளுமாக அடங்கிக் கிடக்கிறது. 2007-லிருந்து கேரள வரலாற்று ஆய்வுக் குழுவினர் இங்கே தோண்டினார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடித் துண்டுகளும், கல்மணிகளும், செங்கல் படித்துறையும், சேற்றில் புதைந்த ஒரு மரத்தோணியும் வெளிவந்தன. முசிறி இதுவாகவே இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஆனால் அங்கே போய் நிற்பவருக்குக் கண்ணுக்குத் தெரிவது தென்னைதான். மனத்தில் கொஞ்சம் கற்பனையும் காலில் நல்ல செருப்பும் இல்லாதவர்கள் நேரே கொச்சிக்குப் போய்விடுவது உத்தமம்.

முசிறி ஏன் மறைந்தது? பெரியாறுதான் காரணம். ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் முகத்துவாரத்தைத் தூர்த்தது. 1341-ல் வந்த பெருவெள்ளம் பழைய வாயை அடைத்து, தெற்கே கொச்சியில் புதிய வாயைத் திறந்துவிட்டது என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒரே ஆறுதான் ஒரு துறைமுகத்தைக் கொன்று இன்னொன்றைப் பெற்றது.

எர்ணாகுளத்திலிருந்து படகில் ஏறிக் கோட்டைக் கொச்சிக்குப் போவதே முதல் காட்சி. 2023 முதல் மின்சாரத்தில் ஓடும் நவீனப் படகுகளும் வந்துவிட்டன. ஆனால் பழைய அரசாங்கப் படகின் பலகையில் உட்கார்ந்து போவதில் உள்ள சுகம் வேறு. இறங்கியதும் கரையோரம் சீன வலைகள். பெரிய நாரை தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடிப்பதுபோல் வலை இறங்கும். கயிற்றில் கட்டிய கற்களின் பாரத்தோடு நாலைந்து பேர் இழுக்க, மீண்டும் எழும்பும். வலையில் பெரும்பாலும் கைப்பிடி மீன்தான் அகப்படுகிறது. நம் ஏற்றம் இறைத்தவர்கள் பார்த்தால் உடனே சொந்தம் கொண்டாடிவிடுவார்கள்.

அடுத்து பிரான்சிஸ் தேவாலயம். போர்த்துக்கீசியர் 1503-ல் மரத்தால் கட்டிப் பிறகு கல்லால் எடுத்தது. 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவை இங்கேதான் புதைத்தார்கள். பின்னால் எலும்புகளைத் தோண்டிப் போர்ச்சுகலுக்குக் கொண்டு போய்விட்டார்கள். இன்று அங்கே இருப்பது வெறும் குழிக்கு மேல் ஒரு கல். அதையும் பார்க்கக் கூட்டம் கூடுகிறது! கத்தோலிக்கப் போர்த்துக்கீசியருக்குப் பின் 1663-ல் டச்சுக்காரர், 1795-ல் ஆங்கிலேயர் என்று உரிமையாளர் மாற மாற, அந்தக் கோயிலும் கட்சி மாறியது. கட்டிடம் மட்டும் அசையவில்லை.

மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனை இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசியர். 1555 வாக்கில் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தார்கள். டச்சுக்காரர் பழுது மட்டும் பார்த்தார்கள். பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் ராமாயணம் முழுவதையும் தீட்டியிருக்கிறார்கள். அவசரமாகப் பார்ப்பவர்கள் ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடலாம். நின்று பார்ப்பவர்களுக்கு அரை நாள் போதாது.

அதற்கு அருகே யூதர் தெரு. 1568-ல் எழுந்த பரதேசி யூதர் கோயில் அங்கே இருக்கிறது. நம் ஊரில் பரதேசி என்றால் கையில் திருவோடு ஏந்தியவர். இங்கே பிற தேசத்திலிருந்து வந்தவர் என்ற பழைய பொருளிலேயே அந்தச் சொல் கௌரவமாக வாழ்கிறது. தரையில் சீனத்து நீலப் பூ ஓடுகள், மேலே கண்ணாடி விளக்குகள். இக்கோயிலார் பாதுகாத்து வந்த செப்பேடு ஒன்று உண்டு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குப் பல்லக்கு, குடை, பகல் விளக்கு முதலிய 72 உரிமைகளைக் கொடுத்து எழுதிய சாசனம் அது. எழுத்து வட்டெழுத்து. மன்னன் அதை வழங்கியபோது எழுந்தருளியிருந்த ஊர் முயிரிக்கோடு. ஆம், நம் முசிறியேதான்! பெயரும் கப்பலும் மணலில் புதைந்த பிறகும், அந்தத் துறைமுகம் ஒரு செப்புத் தகட்டில் உயிரோடு இருக்கிறது. 1948-ல் இஸ்ரேல் தோன்றிய பின் கொச்சி யூதர்கள் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். கடைகளில் சாமான் விற்பவர்கள் வேறு. கோயிலில் கூடிப் பிரார்த்திக்க ஆள் போதாது.

கடைசியாக வில்லிங்டன் தீவு. இது கடவுள் படைத்ததல்ல, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் படைத்தது. 1920-ல் வந்த அவர், முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல் திட்டை வெட்டி, வாரிய மண்ணைக் கொட்டித் தீவாக்கினார். 1928-ல் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. ஆறு கொண்டுவரும் மணலை மனிதன் வாரிக்கொண்டே இருக்கும் வரைதான் கொச்சிக்கு ஆயுள். இன்றைக்கும் தூர் வாரும் வேலை நிற்கவில்லை.

அந்தத் தீவில் நின்று கப்பலில் ஏறும் இரும்புப் பெட்டிகளைப் பார்த்தேன். திருப்பூர்ப் பனியன்களும் கோவை இயந்திரங்களும் தூத்துக்குடி வழியாகவும் கொச்சி வழியாகவும் இன்றும் கடல் தாண்டுகின்றன. வழி புதியது, கதை பழையது. அப்போதுதான் பெரியவர் ரயிலில் சொன்ன இன்னொரு விஷயம் நினைவு வந்தது. அவருடைய காடு ஒரத்துப்பாளையம் அணைக்கு அருகில் இருந்ததாம். "எங்க கெணத்துத் தண்ணியை மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குமுங்க" என்றார். நொய்யலில் கலந்த சாயக் கழிவு அந்த அணையில் தேங்கி வயல்களைக் கெடுத்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. அந்த அணைக்கு வெகு தூரத்தில் இல்லை, கொடுமணல்.

பெரியாறு தானாக மனம் மாறி முசிறியை மூடியது. அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. நொய்யல் அப்படியல்ல. ஆதனும் குவிரனும் எந்தக் கரையில் உட்கார்ந்து கல்லை மெருகேற்றிக் கடல் கடந்து அனுப்பினார்களோ, அதே கரையில் நாமும் சரக்கு செய்து அனுப்புகிறோம். அவர்கள் தண்ணீரை விட்டுப் போனார்கள்.

பொன் யாருக்குப் போனது என்று பெரியவர் கேட்டாரல்லவா? இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கணக்கை என்னால் தீர்க்க முடியாது. இந்தக் காலத்துக் கணக்கில், பொன் யாருக்குப் போனாலும் கெட்ட கிணறு அவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கொச்சி பார்க்கப் போகிறவர்கள் போகும்போது வாளையாற்றில் மலையைப் பாருங்கள். திரும்பி வந்த பிறகு ஒரு நாள் ஒதுக்கிக் கொடுமணலுக்கும் போய், நொய்யலையும் இறங்கிப் பாருங்கள். அதையும் பார்த்தால்தான் நம் துறைமுகத்தை முழுசாகப் பார்த்ததாகும்.