விறகு யாருக்குச் சொந்தம்?

மதுரைக்கும் விறகுக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசுங்க. சொக்கநாதரே விறகு சுமந்து வந்து பாடி, ஏமநாதனை ராவோட ராவா ஊரை விட்டு ஓட வச்சது திருவிளையாடல் புராணத்துல இருக்கு. ஆவணி மூலத் திருவிழாவுல இன்னிக்கும் அந்த லீலை நடக்குது. 1965-ல வந்த படத்துல சிவாஜி விறகுக்கட்டோட வந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சரி, சாமி அந்த விறகை யாரைக் கேட்டு வெட்டினார்? :-)

சிரிக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்துல இதுதான் பெரிய கேள்வி.

குளிர் காய விறகு தேடுற ஊர் இல்ல நம்மளுது. சோறு பொங்க, நெல் அவிக்க, வெந்நீர் போடத்தான் விறகு. 19-ஆம் நூற்றாண்டுல சென்னை மாகாணத்து ரயில் எஞ்சின்களும் அதே விறகைத் தின்ன ஆரம்பிச்சுது. காடு கரைஞ்சுது. 1882-ல சென்னை வனச் சட்டம் வந்துச்சு. காப்புக்காடுன்னு அறிவிச்ச இடத்துல அனுமதி இல்லாம வெட்டினா குற்றம். தாத்தன் பாட்டன் காலத்து வழக்கம் சட்டப்படி திருட்டாயிருச்சு.

ஒத்தக்கடைக்காரங்களுக்குப் பக்கத்துல இருக்குற யானைமலை வெறும் பாறை. அழகர்மலையில காடு உண்டு, ஆனா அது வனத்துறை கையில. மிச்சம் இருந்தது பனை மட்டை, பருத்திமார், எருவாட்டி. கண்மாய்க்குள்ள நிக்கிற நாட்டுக் கருவேலமும் ஏலத்துக்குப் போயிரும்.

இந்த இடத்துலதான் சீமைக்கருவேலம் வருது. காமராஜர்தான் கொண்டு வந்தாருன்னு பலரும் சொல்லுவாங்க. ஆனா 1876-லயே வன அதிகாரி பெட்டோம் விதை கேட்டு எழுதி, 1877-ல கடப்பா பக்கம் நட்டாச்சு. காமராஜர் பிறந்ததே 1903-ல! அமெரிக்கக் கண்டத்து மரம் இது. வறட்சியிலயும் வளரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், பச்சையாவே எரியும். ஆடு மாடு நெத்தைத் தின்னு சாணியோட விதையைப் பரப்பிரும். பிற்பாடு அரசாங்கமும் தென் மாவட்டங்கள்ல விதைச்சு விட்டுச்சு.

முள்ளுக்குப் பயந்து யாரும் உரிமை கொண்டாடாத மரம். அதனாலயே அது ஏழைக்குச் சொந்தமாச்சு. அருவாளும் தொரட்டியுமா போயி, கையில முள்ளு கிழிய வெட்டி, தலையில சும்மாடு வச்சுச் சுமந்து வர்ற பெண்களைக் கிராமத்துப் பக்கம் பார்க்காதவங்க உண்டா? காசு இல்லாத விறகுன்னு சொல்றோம். அரை நாள் கூலி, முள்ளுக்குத்து, அடுப்புப் புகை, இதெல்லாம் யாரு கணக்குல போகுது?

2004-ல ஒத்தக்கடைக்குப் பக்கத்துல, யானைமலை தெரியுற தூரத்துல, உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை வந்துச்சு. 2017-ல வைகோ போட்ட பொதுநல வழக்குல இதே நீதிமன்றம் தென் மாவட்டங்கள்ல சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. காரணம் நியாயமானதுதான். கண்மாய், வரத்துக்கால்வாய் எல்லாத்தையும் அது அடைச்சுக்கிட்டு நிக்குது. தண்ணி இருந்தாத்தான் ஊரு.

ஆனா ஜேசிபி வந்து பிடுங்கின மரம் யாருக்குப் போச்சு? நிறைய இடத்துல கரிமூட்டம் போடுறவங்களுக்கும் குத்தகைக்காரங்களுக்கும்தான். சுள்ளி பொறுக்கினவங்களுக்கு?

"அதான் கேஸ் வந்துருச்சே"ன்னு கேப்பீங்க. 2006-ல வந்த திமுக அரசு இலவச கேஸ் அடுப்பு குடுத்துச்சு. 2016-ல மத்திய அரசோட உஜ்வலா வந்துச்சு. இணைப்பு இலவசம், சரி. அடுத்த சிலிண்டருக்குக் காசு வேணுமே! கூலி கிடைக்காத வாரத்துல மறுபடி விறகடுப்புதான்.

வேலிக்கருவை போகட்டும்னுதான் நானும் சொல்றேன். ஆனா எடுத்த இடத்துல வேம்பு, புங்கன், நாட்டுக் கருவேலம்னு நட்டு, காய்ஞ்ச சுள்ளியை அந்த ஊர்ப் பெண்கள் எடுத்துக்கலாம்னு பஞ்சாயத்துல தீர்மானம் போட்டா என்ன குறைஞ்சு போகும்? 1882-ல கேக்காம விட்டவங்களை இப்பவாவது ஒரு வார்த்தை கேக்கலாம்ல?

உங்க ஊர்ல விறகு எங்கேருந்து வந்துச்சு, யாரு சுமந்தாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.