சீனத் திருமண ஆடை: உருவங்களில் உறையும் சொற்கள்

1. முன்னுரை

ஆடையை வருணிப்பது மொழிபெயர்ப்பில் எளிய பகுதி என்பது பொதுவான எண்ணம். நிறத்தையும் துணியையும் பூவேலையையும் பெயர்த்து எழுதினால் போதும் என்று கருதப்படுகின்றது. சீனத் திருமண ஆடை இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. அதில் இடம்பெறும் உருவங்களுள் பல, காண்பதற்கென மட்டும் அமைந்தவையல்ல. உச்சரித்துப் படிக்கப்பட வேண்டியவை. ஆடைப் பகுதிகளின் பெயர்களும் தமக்கெனத் தனி வரலாறு கொண்டவை. இவ்விரண்டையும் வரலாற்று நோக்கில் ஆராய்ந்து, தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கல்களைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிறப் பெயர்களின் வரலாறு

சீன மணமகள் தொன்றுதொட்டே சிவப்பு அணிந்தாள் என்னும் கூற்று பரவலாகக் காணப்படுகின்றது. பழஞ்சான்றுகள் இதற்குத் துணை நிற்கவில்லை. சோ காலச் சடங்குகளைத் தொகுத்துரைக்கும் 'யிலி' என்னும் நூல், மணமகளுக்குக் கருநிறப் பட்டாடையையும் அதற்குச் செந்நிறக் கரையையும் கூறுகின்றது. அந்நூலில் திருமணம் பற்றிய இயலின் பெயரில் 'ஹுன்' என்னும் சொல் அமைந்துள்ளது. அதன் பொருள் அந்திப்பொழுது. மணச்சடங்கு அந்தியில் நிகழ்ந்தமையால் அச்சொல்லே திருமணத்தையும் குறித்தது. பின்னர், பெண்ணைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்துத் தனி எழுத்தாக எழுதப்பட்டது.

தாங் அரச மரபின் (618-907) ஆடை விதிகளில் மணமகனுக்குச் செந்நிறமும் மணமகளுக்குச் 'சிங்' நிறமும் காணப்படுகின்றன. 'சிங்' என்னும் சொல் பச்சை, நீலம், கருமை ஆகிய மூன்றையும் சூழலுக்கேற்பக் குறிக்க வல்லது. இதனைத் தமிழில் 'பச்சை' என்று மட்டும் பெயர்த்தால் மூலத்தின் நெகிழ்ச்சி மறைகின்றது; 'நீலம்' என்றாலும் அதே குறை நேர்கின்றது. மணமகளின் ஆடை முழுமையும் சிவப்பாக நிலைபெற்றது மிங், சிங் ஆகிய பிற்கால அரச மரபுகளின் காலத்தில்தான். (இங்கே சிங் என்பது அரச மரபின் பெயர். நிறப் பெயரான சிங் அதே ஒலியும் அதே தொனியும் உடையதாயினும் வேறு எழுத்தால் அமைவது. தமிழ் எழுத்து இவ்வேறுபாட்டைக் காட்ட இயலாமை இங்கேயே புலனாகின்றது.)

3. இரவல் தகுதி

மிங் அரச மரபின் (1368-1644) தொடக்கத்தில், பொதுமக்கள் தம் திருமணத்தின்போது ஒன்பதாம் நிலை அதிகாரியின் உடையை அணியலாம் என்று விதி வகுக்கப்பட்டது. அதிகாரிகளின் ஒன்பது படிநிலைகளுள் இதுவே இறுதியானது. இவ்விதியில் ஆளப்படும் வினைச்சொல் 'ஜியா' என்பதாகும். அதற்கு 'இரவல் பெறுதல்' என்று பொருள். உழவனும் வணிகனும் ஒருநாள் மட்டும் அரசின் தகுதியை இரவலாகப் பெற்றனர் எனலாம்.

மணமகளின் 'ஃபெங்குவான் ஷியாபெய்' என்னும் அணிமுறையும் இவ்வகையினதே. 'ஃபெங்குவான்' என்பது ஃபெங் பறவை பொறித்த மணிமுடி. 'ஷியாபெய்' என்பது செவ்வான மேகத்தின் பெயரால் அமைந்த தோளாடை. விதிப்படி ஃபெங் முடி அரசிக்கும் அரச குலப் பெண்டிர்க்கும் உரியது. அதிகாரிகளின் மனைவியர் முடியில் காட்டுக்கோழி வகைப் பறவையே இடம்பெற்றது. எனினும் மக்கள் வழக்கில் மணமகள் அணியும் எந்த முடிக்கும் ஃபெங்குவான் என்றே பெயர் வழங்கலாயிற்று. ஷியாபெய் மிங் காலத்தில் இரு தோள்களினின்றும் தொங்கும் குறுகிய பட்டையாக இருந்து, சிங் காலத்தில் குஞ்சங்கள் தொங்கும் அகன்ற கையில்லாச் சட்டையாக மாறியது. பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. எனவே ஒரு புதினத்தில் இச்சொல் வரின், கதை நிகழும் காலத்தை அறியாமல் அதனை வருணித்தல் இயலாது.

விலங்கு உருவத்திலும் இத்தகைய தகுதி வேறுபாடு உண்டு. ஐந்து நகங்கள் உடையது 'லுங்', அது பேரரசருக்குரியது. நான்கு நகங்கள் உடையது 'மாங்'. பிற எல்லாக் கூறுகளிலும் இரண்டும் பெரிதும் ஒத்தவை. மொழியியலார் ஒலியன்களை வேறுபடுத்தும் கூறு பற்றிப் பேசுவர். இங்கே ஒற்றை நகம் அவ்வேறுபடுத்தும் கூறாகச் செயற்படுகின்றது.

4. இரவல் ஒலி

சூ ஷென் ஏறத்தாழக் கி.பி. 100இல் தொகுத்த 'ஷுவோவென் ஜியேட்ஸு' என்னும் அகராதி சீன எழுத்துகளை அறுவகைப்படுத்துகின்றது. அவற்றுள் ஒன்று 'ஜியாஜியே'. ஒரு சொல்லுக்குரிய எழுத்தை, ஒலி ஒப்புமை கருதி வேறொரு சொல்லுக்கு இரவலாக ஆளுதல் என்பது அதன் இலக்கணம். மேலே கண்ட 'ஜியா' என்னும் சொல்லே இதிலும் முன்னுறுப்பாக நிற்கின்றது. திருமண ஆடையின் பூவேலை இக்கொள்கையின் விரிவு எனலாம். எழுத்தின் இடத்தில் உருவம் நிற்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

வௌவாலுக்குச் சீனத்தில் 'பியன்ஃபூ' என்று பெயர். அதன் ஈற்றசை, நற்பேற்றைக் குறிக்கும் 'ஃபூ' என்னும் சொல்லோடு ஒலியால் ஒன்றுகின்றது. ஐந்து வௌவால்கள் 'ஷாங்ஷு' என்னும் பழநூல் கூறும் ஐந்து பேறுகளைச் சுட்டும். அவை நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலமும் அமைதியும், நல்லொழுக்கத்தில் விருப்பம், இயற்கையான இறுதி என்பன. சிவப்பு வௌவாலைக் குறிக்கும் 'ஹுங் ஃபூ' என்னும் தொடரைச் செவிவழியாகக் கேட்பவர் 'பெரும்பேறு' என்றும் பொருள் கொள்வர்.

மீன் 'யூ', மிகுதியும் 'யூ'. தாமரை 'லியென்'; தொடர்ச்சியும் 'லியென்'. தாமரையையும், 'ஷெங்' என்னும் ஊதுகருவியையும், 'குய்' என்னும் நறுமலரையும் ஒருங்கே அமைத்தால், 'உயர்ந்த புதல்வர்கள் தொடர்ந்து பிறக்கட்டும்' என்னும் வாழ்த்துத் தொடர் உருவாகும். 'ஷெங்' என்பதற்குப் பிறத்தல் என்றும், 'குய்' என்பதற்கு உயர்வு என்றும் ஒத்த ஒலியுடைய சொற்கள் உள்ளமையே காரணம்.

எல்லா உருவங்களும் ஒலியால் பொருள் தருவன அல்ல. யுவான்யாங் எனப்படும் வாத்து இணை, பிரியா வாழ்க்கை உடையது என்னும் நம்பிக்கையால் இல்லறத்தைக் குறிக்கின்றது. மாதுளையில் உருவ ஒப்புமையும் ஒலி ஒப்புமையும் கலந்துள்ளன. அதன் விதைகள் பல. விதைக்குரிய 'ட்ஸு' என்னும் சொல்லே புதல்வனையும் குறிக்கும். இரட்டை மகிழ்ச்சிச் சின்னத்தில் எழுத்தே உருவமாகின்றது. மகிழ்ச்சியைக் குறிக்கும் 'ஷி' என்னும் எழுத்தை அடுத்தடுத்து இருமுறை இணைத்து அமைத்த இவ்வடிவம், தொடர் உரையைவிடத் திருமண அலங்காரத்திலேயே பெரிதும் வாழ்கின்றது.

ஒலி மாறினால் சிலேடை என்னாகும்? 'ஷி' என்னும் முன்னசை உடைய பறவை ஒன்று 'மெய்' மரக்கிளையில் அமர்ந்திருப்பது போன்ற உருவம், 'புருவ நுனிவரை மகிழ்ச்சி' என்று படிக்கப்படும். பொதுச் சீனத்தில் அம்மரத்தின் பெயரும் புருவத்தின் பெயரும் ஒன்றே. தென்சீனக் கான்டனிய மொழியில் மரம் 'முய்', புருவம் 'மெய்' என வேறுபடுகின்றன. ஆங்கு இவ்வுருவம் செவிக்குச் சிலேடையாக அமையாது. கற்றறிந்த மரபாகவே நிற்க இயலும். வௌவால், மீன், தாமரை ஆகியவற்றின் சிலேடைகளோ கான்டனியத்திலும் குன்றாமல் நிலவுகின்றன.

5. வட்டார வழக்கும் புதுப் பெயர்களும்

குவாங்டுங்கிலும் ஹாங்காங்கிலும் மணமகள் அணிவது 'குவா' எனப்படும் மேற்சட்டையும் பாவாடையும் ஆகும். பொன், வெள்ளி இழைகளால், உள்ளே பஞ்சு முதலியன வைத்துப் புடைப்பாகச் செய்யப்படும் சாவ்சோ நகரப் பூவேலை இதற்குப் புகழ் தந்தது. துணியை இழைகள் எவ்வளவு மறைக்கின்றன என்பதைக் கொண்டு இவ்வாடைக்குத் தரம் கூறுவர். சிறு ஐம்பேறு, நடு ஐம்பேறு, பெரு ஐம்பேறு என்று ஏறிச்சென்று, குவாக்களின் அரசி, குவாக்களின் பேரரசன் என்று அத்தரவரிசை முடிகின்றது. பேரரசர் ஆட்சி 1912இல் நீங்கிய பின்னும் அதன் படிநிலைச் சொற்கள் வணிக வழக்கில் எஞ்சியுள்ளமை நோக்கத்தக்கது.

'சிபாவ்' என்னும் பெயர் மஞ்சு இனத்தாரின் எட்டுக் கொடிப் படைப்பிரிவுகளை நினைவூட்டுவது. 'கொடியினரின் அங்கி' என்பது அதன் பொருள். 1929ஆம் ஆண்டின் உடை விதிகள் நீண்ட ஒற்றை அங்கியைப் பெண்களின் சடங்குடைகளுள் ஒன்றாக ஏற்றன. அதே ஆடையைக் கான்டனியர் 'சியோங்சாம்', அதாவது நீள் அங்கி, என்றனர். ஆங்கிலம் இரு பெயர்களையும் கடன் பெற்றது. பொதுச் சீனத்தில் அதற்கு இணையான 'சாங்ஷான்' ஆடவரின் அங்கியைக் குறிக்கும். ஆங்கில வழியே பெயர்ப்போர் ஒரே ஆடையை இரண்டாகக் கொள்வதற்கும், ஆடவர் ஆடையைப் பெண்டிர்க்கு உரியதாக்குவதற்கும் இது வாயிலாகின்றது.

இப்பெயரிடும் மரபு இன்றும் ஓயவில்லை. 2000களின் தொடக்கத்தில் வெளிவந்த, 'ஆரஞ்சு சிவந்தது' என்னும் பொருளுடைய தலைப்பைக் கொண்ட தொலைக்காட்சித் தொடரில், ஷியுஹெ என்பது தலைமைப் பெண்பாத்திரத்தின் பெயர். அவள் அணிந்த உடையின் சாயலில் தைக்கப்படும் மண ஆடை 'ஷியுஹெ உடை' எனப்படுகின்றது. இதனைப் பழமரபு என்றே கருதுவோர் உளர். 'ஷியு' என்பதற்குப் பூவேலை என்னும் பொருளுடைய ஒப்பொலிச் சொல் இருப்பதால், அவ்வெழுத்தை இட்டு எழுதும் வழக்கமும் தோன்றியுள்ளது. இது மக்கள் சொற்பிறப்பியலுக்கு நல்ல சான்றாகும்.

6. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

முதலாவது, பண்பாட்டுச் சுமை. 'லுங்' என்பதற்குத் தமிழ் விவிலிய வழக்கிலுள்ள 'வலுசர்ப்பம்' என்னும் சொல்லை ஆண்டால், மழையையும் அரசாண்மையையும் குறிக்கும் உயிர் சாத்தானின் வடிவமாகிவிடும். 'டிராகன்' என்பதும் மேலைக் கதைகளின் தீயுமிழ் விலங்கை நினைவூட்டும். 'ஃபெங்' என்பதைப் 'பீனிக்ஸ்' என்றால் சாம்பலில் பிறக்கும் பறவை முன்னிற்கும். சீனப் பறவைக்கும் அக்கதைக்கும் தொடர்பில்லை. முதல் ஆட்சியில் லுங், ஃபெங் என ஒலிபெயர்த்து ஒரு சொற்றொடரால் விளக்குதல் தகும்.

இரண்டாவது, சிலேடை இழப்பு. 'மார்பில் ஐந்து வௌவால்கள் தைத்த மணமகள்' என்னும் தொடர், வௌவாலைப் பாழ்மண்டபத்தோடு இணைத்துப் பார்க்கும் தமிழ் வாசகர்க்கு அச்சத்தையே தரும். 'ஐந்து பேறுகளின் பெயரைத் தம் பெயரில் தாங்கிய வௌவால்கள்' என்று விரித்தால் காரணம் விளங்கும். இரட்டுற மொழிதலை அறிந்த தமிழர்க்கு இவ்விளக்கம் அயலானதன்று. வௌவாலுக்கு மாற்றாகத் தமிழ் மங்கலச் சின்னம் ஒன்றை இடுவது மூலத்தை அழிப்பதாகும்.

மூன்றாவது, பொருளை மென்மையாக்குதல். 'ட்ஸு' என்பது 'குழந்தை' எனவும் பொருள்படும். ஆயினும் தாமரை-ஷெங்-குய் வாழ்த்தை 'மக்கட்பேறு பெருகுக' என்று பெயர்த்தால், அக்குடும்பங்கள் வேண்டியது ஆண்மக்களையே என்னும் வரலாற்றுண்மை மறைந்துபோகும். மணமகளின் உடல்மீது தைக்கப்பட்டது அலங்காரம் மட்டுமன்று. அவளிடம் எதிர்பார்க்கப்பட்ட கடமையின் வாசகமுமாகும். மொழிபெயர்ப்பாளர் அதனை நயப்படுத்தும் உரிமை உடையவர் அல்லர்.

7. முடிவுரை

சீனத் திருமண ஆடை தகுதியை இரவல் பெற்றது. ஒலியையும் இரவல் பெற்றது. தகுதி இரவல் ஒருநாளில் முடிந்தது. ஒலி இரவலோ, அம்மொழி பேசப்படும் இடமெல்லாம் தொடர்கின்றது. ஆகவே இவ்வாடையைத் தமிழில் தருவோர் உருவத்தைக் கண்டவுடன் அதன் சீனப் பெயரைக் கேட்டறிதல் வேண்டும். அப்பெயர் எந்த வட்டார ஒலியில் எச்சொல்லோடு ஒன்றுகின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அருங்காட்சியக விளக்கக் குறிப்புக்கும் புதின வருணனைக்கும் இந்நெறி ஒருங்கே பொருந்தும்.